எண்ணெய்க்குப் பத்தியம்

கஞ்சா எண்ணெய் என்று என் நாத்தனார் சர்வசாதாரணமாகச் சொன்னதும் நான் முதலில் செய்த காரியம், எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியதுதான். மேலகரத்தில் எங்கள் தெரு அப்படி. எங்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது எதிர்வீட்டுக்குத் தெரியும். கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட்டில் கஞ்சா பிடிபட்ட செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிற ஊர் வேறு. இங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லக் கனடாவிலிருந்து வந்தவளால்தான் முடியும்.

“மதினி, நீங்க நினைக்கித மாதிரி இல்ல. அங்க கடையில வச்சே விக்கிதாங்க. எங்கூட வேலை பாக்குத எத்தனையோ பேரு மூட்டுவலிக்கு இதைத்தான் எடுக்குதாங்க. போதை வராது. போதை வார சரக்கைப் பிரிச்சு எடுத்துட்டுத்தான் இதைப் பண்ணுதாங்க.”

அவள் நீட்டியது மை பாட்டில் அளவுக்கு ஒரு குப்பி. மூடியோடு சேர்ந்து ஒரு ரப்பர் சொட்டுக்குழாய். அதே மாதிரி இன்னும் சில குப்பிகள் அவள் பெட்டியில் இருந்தன. நம் ஊர் விமான நிலையத்தைத் தாண்டி அவற்றை எப்படிக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சட்டப்படி அது தப்பு என்று இரண்டு பேருக்குமே தெரியும். அண்ணனின் கையைப் பார்க்க அவளால் முடியவில்லை, அதனால் கொண்டுவந்தாள். அந்தக் கையைத் தினமும் பார்க்கிறவள் நான், அதனால் குப்பியை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

என் கணவருக்கு ருமட்டாய்டு. ஊரில் சரவாங்கி என்பார்கள். வயதானால் மூட்டு தேய்கிறதே, அந்த வியாதி அல்ல இது. உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுக்களே புத்தி கெட்டுப்போய் சொந்த மூட்டைத் தாக்குகிற வியாதி. விரல் கணு, மணிக்கட்டு, முழங்கால் என்று எங்கெல்லாம் மூட்டு இருக்கிறதோ அங்கெல்லாம் வீங்கும். காலையில் எழுந்ததும் அவர் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை ஊறவைத்து, நான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, பேண்ட் கொக்கியை மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் வீரகேரளம்புதூருக்கு பஸ் ஏறுவார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பழைய குடும்பம், கோயிலில் இன்னும் முதல் மரியாதை உண்டு. அப்படிப்பட்ட மனிதருக்குப் பெண்டாட்டி வந்து பேண்ட் கொக்கியை மாட்டிவிட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், காலண்டரைத்தான் பார்ப்பார்.

இதற்குத் திருநெல்வேலி டாக்டர் கொடுத்த முக்கியமான மருந்து வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட் என்று பெயர். எங்கள் வீட்டில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை என்று பெயர். புத்தி கெட்ட அணுக்களை அடக்கி வைப்பது அதுதான். ஆனால் அதைப் போட்டால் திங்கட்கிழமை பூராவும் குமட்டும், வாயில் புண் வரும், முகம் கருத்துவிடும். திங்கட்கிழமையானால் இவர் வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தாலும் எரிந்து விழுவார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரிய சண்டைகள் எல்லாமே திங்கட்கிழமைகளில் நடந்தவை.

நான் தென்காசியில் ஒரு லேபில் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பதும் பார்ப்பதும் என் பிழைப்பு. அவருடைய ரத்தத்தையும் நானேதான் எடுத்து, நானேதான் பார்ப்பேன். அதனால்தான் இந்த எண்ணெயைப் பற்றி நாத்தனாரிடம் குறுக்குக் கேள்வி கேட்டேன். அவளும் படித்தவள், மழுப்பவில்லை. “வலி குறையும், தூக்கம் வரும். வீக்கமும் குறையலாம்னு ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. ஆனா டாக்டர் மாத்திரையை விட்டுரக் கூடாது மதினி, அதோட சேத்துத்தான்” என்றாள். அண்ணனிடமும் அதையே சொன்னாள். அவரும் சரி சரி என்று தலையாட்டினார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிற்பாடு எல்லாருமே அவளைத்தான் குறை சொன்னார்கள்.

எண்ணெய் வேலை செய்தது. நாக்குக்கு அடியில் சில சொட்டு விட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ராத்திரி புரண்டு படுக்கும்போது வருகிற அந்த முனகல் நின்றது. காலையில் நான் சட்டையை எடுத்துக்கொண்டு போனால், “இங்கன கொண்டா, நானே போட்டுக்கிடுதேன்” என்று வாங்கிக்கொண்டார். பொத்தான் போட ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனாலும் போட்டார். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் வந்து, “இன்னைக்கு போர்டுல வட்டம் போட்டேன், காம்பஸ் இல்லாம” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷப்பட்டேன், அதில் பொய் சொல்லக் கூடாது. கஞ்சாவோ வேறெதுவோ, இந்த மனுசன் சிரிக்கிறாரே என்று நினைத்தேன். திங்கட்கிழமைகூட எங்கள் வீட்டில் சண்டை இல்லை.

அந்தத் திங்கட்கிழமை அமைதியில்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது யாராவது சொல்லலாம். ஆனால் உடம்பு தேறுகிறது, அதனால் குமட்டவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதலில் கத்தரிக்காய் வேண்டாம் என்றார். அப்புறம் மாங்காய். அகத்திக்கீரை வைத்த அன்றைக்குத் தட்டையே தள்ளி வைத்தார். “எண்ணெய் எடுக்கும்போது அகத்திக்கீரையா? மருந்தை முறிச்சிரும்லா!” என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கனடாவில் மிஷினில் பிழிந்து, ஆங்கிலத்தில் லேபிள் ஒட்டி வந்த எண்ணெய்க்கு இவர் பத்தியம் இருக்கிறார்! அவர்கள் குடும்பத்தில் இது ரத்தத்திலேயே உண்டு. எந்த மருந்தைச் சாப்பிட்டாலும் பத்தியம். எண்ணெய், இலை, வேர் என்று இயற்கையாக ஏதாவது உள்ளே போனால், புளி குறையும், காரம் குறையும், பாகற்காய் தள்ளிப்போகும். டாக்டர் மாத்திரைக்கு மட்டும் பத்தியம் கிடையாது, ஏனென்றால் அதை இவர்கள் மருந்தாகவே மதிப்பதில்லை. சரி, கத்தரிக்காய் தின்னாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன். லேபில் கூட வேலை செய்கிற பெண்ணிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். எண்ணெய் எதில் எடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆடி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம், வழக்கமான டெஸ்ட்டுக்கு அவர் ரத்தத்தை எடுத்துப்போனேன். ஈ.எஸ்.ஆர். என்று ஒன்று பார்ப்போம். ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிரப்பி நேராக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடம்பு அமைதியாக இருந்தால் சிவப்பு அணுக்கள் மெல்ல, மனசில்லாமல் இறங்கும். உள்ளே எங்காவது எரிந்துகொண்டிருந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு சரசரவென்று இறங்கிவிடும். அவர் ரத்தம் என் கண் எதிரே இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே மஞ்சள் நீர், கீழே சிவப்பு, நடுவில் அந்தக் கோடு நிற்கவே இல்லை. குழாய் சாய்ந்திருக்கிறதோ என்று பார்த்தேன், சாயவில்லை. இன்னொரு குழாயில் போட்டேன், அதுவும் அப்படியே இறங்கியது. உள்வீக்கத்தைக் காட்டுகிற இன்னொரு டெஸ்ட், சி.ஆர்.பி., அதையும் போட்டேன், அதுவும் ஏறிக் கிடந்தது. வட்டம் போடுகிற மனுசனின் ரத்தம் மாதிரி அது இல்லை. படுக்கையில் கிடக்கிறவனின் ரத்தம் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை, அதுதான் கொடுமை. பெருமையாகவே சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை மாத்திரையா? அதை அப்பவே நிப்பாட்டியாச்சே. எண்ணெய் வேலை செய்ய ஆரம்பிச்சதுல இருந்து தொடுததில்ல. ரெண்டு மருந்து ஒரே உடம்புல கெடந்தா ஒண்ணையொண்ணு முறிக்கும்லா. அதுவும் பத்தியத்துல சேத்திதான்.”

முன்பெல்லாம் அந்த மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க அவர் விரலுக்குத் தெம்பு இருக்காது. நான்தான் பிதுக்கி உள்ளங்கையில் வைப்பேன், விழுங்குகிற வரை பக்கத்தில் நிற்பேன். எண்ணெய் வந்தபின் அவரே பிதுக்கிக்கொள்ள முடிந்தது. முடிகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். அவர் குணமானதுதான் என் கண்ணை மறைத்தது.

“வலிக்கலேன்னா சரியாயிட்டுன்னு அர்த்தமில்ல. ரத்தம் எப்படிக் கெடக்குன்னு நான் பாத்துட்டு வாரேன்” என்றேன்.

“ஒன் குழாயை விடு. இங்கன பாரு” என்று என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, மடக்கி, விரித்துக் காட்டினார். “வலிக்கலட்டி. எத்தனை வருசம் ஆச்சு இப்படி வலிக்காம இருந்து, ஒனக்குத் தெரியாதா?”

அந்தக் கையைப் பிடித்தேன். மணிக்கட்டின் மேல்புறம் பொம்மென்று வீங்கியிருந்தது, தோல் சுட்டது. என் விரலுக்குச் சுட்டது அவருக்குத் தெரியவில்லை. அமுக்கினேன். லேசாக முகம் சுளித்தார், அவ்வளவுதான். “மழை நேரம்லா, கொஞ்சம் நீர் கோத்திருக்கும்” என்றார்.

கத்தினேன். எங்கள் தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன், ஜன்னலைச் சாத்தக்கூட இல்லை. அழுதேன். பேசாமல் இருந்து பார்த்தேன். கனடாவுக்குத் திரும்பிவிட்ட நாத்தனாருக்கு போன் போட்டேன். அவள் பதறிப்போய், “ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே மதினி” என்று அழுதாள். அண்ணனோடு நெடுநேரம் பேசினாள். அவளிடமும் சரி சரி என்றார். டாக்டரிடம் கூப்பிட்டால், “வலிக்காதவன் எதுக்குட்டி டாக்டரைப் பாக்கணும்?” என்றார். நானே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, “ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா, சீக்கிரம்” என்றார். ஆளைத்தானே கூட்டிக்கொண்டு வர முடியவில்லை! மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்துவிட்டால் என்ன என்று ஒருநாள் அடுப்படியில் நின்று யோசித்தேன். அவர் குழந்தையில்லை, நாயுமில்லை. ஒரு மனுசனின் உடம்புக்குள் அவனுக்குத் தெரியாமல் எதையும் போட எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாத்திரை போடு என்று நான் சொல்லும்போதெல்லாம், அந்தத் திங்கட்கிழமைகளைத் திரும்ப வாங்கிக்கொள் என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். என் கையில் இருந்தது ஒரு நம்பர். அவர் கையில் இருந்தது நிம்மதி. இந்தப் பஞ்சாயத்தில் நான் எப்படி ஜெயிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போகலாம் என்றார். வியாதி வந்த பிறகு அவர் குற்றாலம் பக்கமே குளிக்கப் போனதில்லை. கூப்பிடு தூரத்தில் அருவியை வைத்துக்கொண்டு வீட்டில் வெந்நீரில் குளித்த மனுசன். வேண்டாம் என்றேன். அவரைத் தனியாக அனுப்பப் பயந்து நானும் ஆட்டோவில் ஏறினேன். ஐந்தருவியில் கேரளத்துக் கூட்டம் நெருக்கியது. இவர் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஓர் அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்தார். அண்ணாச்சி இவர் முதுகைத் தட்டி, தோளை உருவி, மணிக்கட்டுக்கு வந்ததும், “இங்கன என்ன சார் இப்படி வீங்கிக் கெடக்கு? வலிக்கலியா?” என்று கேட்டார். “வலிக்காது, நீரு நல்லா உருவும்” என்றார் இவர். நான் போய், “கையை விட்டுருங்க அண்ணாச்சி” என்றேன். அவர் என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். கூலி கொடுக்கிறவர் பேச்சைத்தான் கேட்டார்.

பெண்கள் பக்கம் போய்க் குளிக்க எனக்கு மனசு வரவில்லை. துண்டை வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நின்றேன். சாரலில் என் கண்ணாடி நனைந்து நனைந்து மறைத்தது. ஆண்கள் கூட்டத்துக்குள் அவர் தலை தெரிந்தது. தண்ணீர் தள்ளிவிடாமல் இருக்க இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அருவி முதுகில் விழ விழ, வாயைத் திறந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் பார்த்தது. அந்த நிமிஷம் எனக்கும் கோபம் போய்விட்டது. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன்.

நடுங்கிக்கொண்டே வெளியே வந்தார். துண்டை நீட்டினேன். வலது கையால் வாங்கினார், துண்டு நழுவிக் கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தார், மறுபடியும் நழுவியது. கையை விரித்துப் பார்த்தார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நிமிர்ந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

“வெறச்சுப் போச்சு. தண்ணி அவ்வளவு குளிரு” என்றார்.

சூடாக டீ வாங்கிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து வெந்நீரில் ஊறவைத்தார். இருட்டுகிற வரை அந்த இரண்டு விரலையும் இடது கையால் நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டதும் தொங்கிவிடும். “வலிக்கல. ஆனா நிமிர மாட்டேங்குது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏட்டி, நாளைக்கு டாக்டரைப் பாத்திருவோமா?” என்று அவராகவே கேட்டார். எத்தனை நாளாக நான் கெஞ்சிய வார்த்தை அது. எழுந்துபோய் ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்துப் பையில் வைத்தேன்.

டாக்டர் எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டு எலும்பை வீக்கம் அரித்துவிட்டது. அரித்த எலும்பு முள் மாதிரி கூராகிவிட்டது. விரலை நிமிர்த்துகிற தசைநார்கள் அதன் மேல் உரசி உரசி நைந்துபோய், இரண்டு அறுந்துவிட்டன. அருவி கடைசி இழுப்பைத்தான் இழுத்ததாம். அருவிக்குப் போகாமல் இருந்தாலும் ஒருநாள் சட்டையை மாட்டும்போது அறுந்திருக்குமாம். ஆபரேஷன் பண்ணி அறுந்ததைப் பக்கத்து விரலின் நாரோடு சேர்த்துத் தைக்கலாம், ஆனால் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். மிச்ச விரல்களைக் காப்பாற்ற வேண்டுமானால் மாத்திரையை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். குமட்டலுக்கு வேறு வழி பார்க்கலாம், மாத்திரைக்குப் பதில் ஊசியாகவும் போடலாம் என்றார். குமட்டலை முன்னாலேயே அவரிடம் சொல்லியிருந்தால் வழி இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் டாக்டரிடம் அதையெல்லாம் சொல்லுகிற வழக்கம் இல்லை.

“அந்த எண்ணெய்…” என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. “அது கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். சிலருக்கு வலி அடங்குது, தூக்கம் வருது. மூட்டு வியாதியையே அடக்குமான்னு இன்னும் தேடிட்டுதான் இருக்காங்க. மனுசங்ககிட்ட சோதிச்சுப் பாத்ததுல அதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல. ஈரலுக்கும் ஆகுதான்னு பாக்கணும். வெளிநாட்டுல இருந்து இப்படிக் கொண்டுவாரதும் சட்டப்படி கூடாது. எதுனாலும் என்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. இதை விட்டுட்டு அதுன்னு மட்டும் போயிராதீங்க” என்றார்.

“சாக்பீஸ் பிடிக்கலாமா?” என்று இவர் கேட்டார்.

“பழகிக்கலாம் சார்” என்றார் டாக்டர். அந்தப் பதிலின் அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

வாடகைக் காரில் திரும்பினோம். ஆலங்குளம் தாண்டியது. மலை தெரிய ஆரம்பித்தது, மேலே மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குள் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. எல்லாமே அன்றைக்கே கேட்டிருந்தால் என்று ஆரம்பிக்கிற வாக்கியங்கள்.

பாவூர்சத்திரம் வருவதற்குள் அவரே பேசினார்.

“இத்தனை நாளும் இந்தக் கைக்குள்ளேயே அரிச்சுக்கிட்டு இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நான் சொன்னேனே” என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, வாதாடுகிற முகமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு தப்பாகிப்போன பிள்ளை ஒன்று அவரைப் பார்ப்பது அப்படித்தான் இருக்கும்.

“நீ சொன்னட்டி” என்றார். “அது சொல்லலியே.”